ரதியின் கன்னத்துக்கு விட்டமின் சி

போன சனிக்கிழமை ஹட்டன் டவுனில் ஒரு பாமசிக்குள் நுழைந்தேன். பனிக்காலம் தொடங்கிவிட்டது அல்லவா? கன்னம் இழுக்கிறது, உதடு வெடிக்கிறது, வாய்விட்டுச் சிரித்தால் இரத்தம் வருகிறது. தலைவலி மாத்திரை வாங்கப் போனவள், கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த ஒரு குட்டிப் போத்தலைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"அது விட்டமின் சி மிஸ்" என்றாள் விற்கிற பிள்ளை.

"குடிக்கவா?"

"ஐயோ, இல்ல மிஸ். மூஞ்சிக்கு. பனிக்கு ரொம்ப நல்லம். மிஸ்ஸுக்கா?"

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரருக்கு."

பக்கத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த பிள்ளை கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நம் ஊரில் ஆண்பிள்ளையின் சருமப் பராமரிப்பு என்றால் ஷேவ் எடுப்பது, அதற்கு மேல் எதுவும் கிடையாது என்பதுதானே சட்டம்?

"அங்கிளுக்கா? அவரு ஸ்கின் எப்புடி மிஸ், ஒயிலியா, டிரையா?"

"அரிதாரம் பூசின ஸ்கின்ம்மா" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த சீட்டை எடுத்து நீட்டினாள். பொடி எழுத்து. கண்ணாடியை மூக்கில் ஏற்றி வாசித்தேன். வெளிச்சம் படாமல் வைக்கவும்... சரி. கண்ணில் படாமல் பூசவும்... சரி. நிறம் மாறினால் பாவிக்க வேண்டாம்...

கடை என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உதடு வெடித்துவிட்டது.

இந்தக் கடைசி வரியை, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் யாராவது என் வீட்டுக்காரரின் காதில் போட்டிருந்தால் என்று நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது — போட்டார்கள். அவர்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெயர் செல்வராஜ். அப்போது நாங்கள் டயகம பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்; அவருக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி முன்னால் யார் அதிக நேரம் நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நான் இல்லை.

காரணம் இருக்கிறது. மாசி பிறந்தால் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து. சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் எரிந்து சாம்பலாகிற மன்மதன் கதை. மூன்றாம் பிறைக்குக் காமன் கம்பத்தை ஊன்றி, வேஷக்காரர்களுக்குக் காப்புக் கட்டிவிட்டால், பௌர்ணமி வரைக்கும் மன்மதனும் அவன் பெண்டாட்டி ரதியும் லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள். ரதி வேஷத்தை ஆண்தான் கட்ட வேண்டும். எங்கள் தோட்டத்து ரதி என் வீட்டுக்காரர்.

ஆமாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இப்படி ஒன்று வரும் என்று யாரும் சொல்லவில்லை.

இது வெறும் ஆட்டம் இல்லை, நேர்த்தி. கல்யாணமாகி ஐந்து வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வருகிறவளைப் பார்த்து, "டீச்சருக்கு இன்னும் விசேசம் ஒண்ணும் இல்லையா?" என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கேட்பார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து அழுவேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மனுஷன் ஒரு மாசியில் காமன் முன்னால் போய் நின்று, "ஒரு புள்ளயக் குடு சாமி, மூணு வருசம் விடாம ரதி கட்டுறேன்" என்று நேர்ந்துகொண்டார்.

முதல் வருஷம் கட்டினார். இரண்டாவது வருஷம் அவர் ரதியாக ஆடிக்கொண்டு வந்தபோது நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றேன். மகள் பிறந்தாள். மூன்றாவது வருஷம்தான் பாக்கி.

அந்த மூன்றாவது வருஷத்துக்கு வந்தது சோதனை. கேட்டால் சிரிப்பீர்கள் — கன்னம்.

அவர் வேலை அப்படி. பெக்டரிக்குள் ஒரு பக்கம் கொழுந்தை வறுக்கிற சூடு. கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற பனி. இரண்டுக்கும் நடுவே போய் வந்து போய் வந்து, மார்கழியிலேயே கன்னம் வெடித்துவிடும். இரண்டாவது வருஷம் அந்த வெடிப்பின் மேல்தான் முத்துவெள்ளை என்ற வேஷப் பூச்சைக் குழைத்துப் பூசினார்கள். எரிச்சல் தாங்காமல் கண்ணீர் வழிந்து, கன்னத்தில் இரண்டு வாய்க்கால் விழுந்துவிட்டது. மன்மதனோடு கல்யாணம் நடக்கிற காட்சியில் கல்யாணப் பெண் ஒப்பாரிக்காரி மாதிரி நின்றார். பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

எங்கள் தோட்டத் தலைவர் முத்துசாமி அண்ணன்தான் கூத்துக் கமிட்டிக்கும் தலைவர். அன்றைக்கே சொல்லிவிட்டார்: "செல்வராசு, வர்ற வருசமும் மூஞ்சி இப்புடித்தான்னா நாங்க வேற ஆளப் பாத்துக்குவோம். கோவிச்சுக்கக் கூடாது."

வேற ஆள் தயாராக இருந்தான். சுரேஷ் என்று ஒரு பையன், கொழும்பில் புடைவைக் கடையில் வேலை. ஏசிக்குள் இருந்த முகம். பொங்கலுக்கு வந்தவன் போகாமல் நின்றுவிட்டான். லயத்து வாசலில் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் உள்ளே ஓடிப்போய்க் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்ப்பார்.

எனக்கும் கவலைதான். நான் படித்தவள், டீச்சர், பகுத்தறிவு அது இது என்று வகுப்பில் பேசுகிறவள்... இருக்கட்டும். ஒரு வயசு நிரம்பாத பிள்ளைக்கு அந்தக் குளிரில் இழுப்பு வந்து, நெஞ்சு 'கீ... கீ...' என்று சத்தம் போடும்போது, ஒரு வருஷ நேர்த்தி குறையாக நிற்கிறது என்ற நினைப்பு வந்தால் பகுத்தறிவு எங்கே போய் ஒளியும்? எனக்குப் பயமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஆகவே கன்னத்தைக் காப்பாற்றும் வேலையில் குடும்பமாக இறங்கினோம்.

முதலில் தேங்காயெண்ணெய். எங்கள் ஊர்ப் பனியில் காலையில் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாக இருக்கும். அடுப்பங்கரையில் வைத்து உருக்கினால்தான் வெளியே வரும். பூசிக்கொண்டு போனார். பெக்டரித் தூசு முழுக்க வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு பாலாடை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று வெள்ளரிக்காய். பனிக்காலத்தில் டயகமவில் வெள்ளரிக்காய்க்கு எங்கே போவது?

அந்த நேரத்தில்தான் சிவகௌரி டீச்சர் கதைக்குள் வருகிறார். யாழ்ப்பாணம். விஞ்ஞானம் படிப்பிக்க எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர். முதல் பனிக்காலத்தில் இரண்டு ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கரும்பலகையில் எழுதுவார். சோக்கட்டியை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் முகம் மட்டும் பளபளவென்று இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணா கனடாவில இருந்து அனுப்பினவர்" என்று ஒரு கறுப்புப் போத்தலைக் காட்டினார். "விட்டமின் சி. பனிக்குத் தோல் கறுத்து வெடிக்காமல் பாக்குமாம். ஏன், உமக்கே?"

"இல்லீங்க டீச்சர். இவருக்கு."

சிவகௌரி டீச்சர் சிரிக்கவில்லை. அது அவருடைய பெரிய குணம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இது முடியிற பருவம். ஆனா விட்டமின் சி குளிசை இருக்குத்தானே? ஒண்டை எடுத்துத் தூளாக்கி, ஆறின தண்ணியில கரைச்சு, கொஞ்சமாப் பூசச் சொல்லும். இரவில பூசிப்போட்டுக் காலமை கழுவோணும். வெடிச்ச இடத்தில போடக் கூடாது, எரியும். முக்கியமான விசயம், அண்டண்டைக்குப் புதுசாக் கரைக்கோணும். நிறம் மாறினா எறிஞ்சுபோடச் சொல்லும், என்ன?"

குளிசைக்குப் பஞ்சமா? தோட்டத்து டிஸ்பென்சரியில் சளி, தடிமன் என்று போனாலும் விட்டமின் சி, தலை சுற்றுகிறது என்று போனாலும் விட்டமின் சி, கால் சுளுக்கு என்று போனாலும் விட்டமின் சி. எங்கள் காம்பராவில் ஒரு டின் நிறைய வெள்ளை மாத்திரை கிடந்தது.

டீச்சர் சொன்னதை வரி பிசகாமல் வீட்டில் ஒப்பித்தேன். இவர் தலையாட்டிக் கேட்டார். கடைசி வரி வந்ததும் தலை நின்றுவிட்டது.

"நெறம் மாறுனா கொட்டணுமா? என்னாத்துக்கு?"

"டீச்சர் சொன்னாங்க."

"அவங்க யாழ்ப்பாணம். அவங்களுக்குப் பனங்காயப் பத்தித் தெரியும். இதப் பத்தி என்னா தெரியும்?"

இந்த இடத்தில் பெக்டரியில் இவர் செய்த வேலையை நான் சொல்லியாக வேண்டும். அரைத்த பச்சைக் கொழுந்தை மேசையில் பரப்பிப் புளிக்க விடுவார்கள். பச்சையாகக் கிடந்தது மெல்ல மெல்ல மாறிச் செப்பு நிறத்துக்கு வரும். ஒரு வாசனை கிளம்பும். அந்த நேரம் பார்த்து அள்ளி அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முன்னால் அள்ளினால் தேயிலை பச்சைத் தண்ணீர். பின்னால் அள்ளினால் குப்பை. அந்த நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் இவர் வேலை. பெக்டரிக்குப் பொறுப்பான பெரிய டீமேக்கரே, "செல்வராசு, பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அள்ளச் சொல்வார். பன்னிரண்டு வருஷமாகச் செப்பு நிறத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து பழகின மனுஷன்.

அவரிடம் போய், நிறம் மாறினால் எறி என்றால்?

"வெள்ளையா இருக்கிறது பச்சத் தண்ணி டீச்சர்" என்றார் இவர். ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "சரக்கு இன்னும் எறங்கல. நெறம் வரட்டும். வந்தாத்தான் வேல செய்யும்."

ஒரு பிடி மாத்திரையைத் தூளாக்கினார். ஒன்று இல்லை, ஒரு பிடி. வெறும் சாராயப் போத்தலில் போட்டு, தண்ணீர் ஊற்றி, குலுக்கி, வெயில் படுகிற மாதிரி ஜன்னலில் வைத்தார். நான் சத்தம் போட்டேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு பெக்டரி வேல தெரியாது பாப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

காலையும் மாலையும் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மஞ்சளானது. "இன்னும் இல்ல." பழுப்பானது. மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். "வருது... வருது..." ஒருநாள் சாயங்காலம் அடுப்பில் நின்ற என்னை இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். நல்ல செப்பு நிறம். அந்த முகத்தில் இருந்த பெருமையை மகள் பிறந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து பூச்சு. கமிட்டிக்காரர்கள் காப்புக் கட்டும் நாளைக் குறித்துவிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் இருந்தது. கொஞ்சமாகப் பூசச் சொன்னதை மூன்று தரமாகப் பூசினார். வெடித்த இடத்தில் போடாதே என்றதை, வெடித்த இடத்துக்குத்தானே மருந்து என்று அங்கேயே தேய்த்தார். எரியும்போது, "ஆ... ஏறுது! ஏறுது!" என்பார்.

ஏறியது. நிறம்தான் ஏறியது. முதலில் விரல் நுனி. பிறகு தலையணை உறை. பிறகு புருவத்து ஓரம். கடைசியில் கன்னம் இரண்டும் புளியில் தேய்க்காத செப்புக் குடம் மாதிரி, திட்டுத் திட்டாக. சோப்புப் போட்டுக் கழுவினால் போகவில்லை. காய்ந்த பீர்க்கங்கூட்டு நாரால் தேய்த்ததில் செம்புக்கு நடுவே சிவப்பும் வந்து சேர்ந்தது. லயத்துப் பிள்ளைகள் கதவிடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடின.

சிவகௌரி டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். போத்தலைத் தூக்கிப் பார்த்தார், இவரைப் பார்த்தார், திரும்பப் போத்தலைப் பார்த்தார்.

"இது பழுதாப் போச்சு! எறிஞ்சுபோடச் சொன்னனான் எல்லே? உமக்கென்ன விசரே?"

"பைத்தியம் அவருக்குத்தான் டீச்சர்."

"இனி ஒண்டும் பூச வேண்டாம். தேங்காயெண்ணெய் மட்டும். தோல் உரிஞ்சு தானா நிறம் போகும்."

"எத்தன நாளாகுங்க டீச்சர்?" என்று இவர் கேட்டார்.

"ஒரு கிழமை, பத்து நாள் செல்லும்."

காப்புக் கட்டுவது மறுநாள்.

அன்றிரவு இவர் சாப்பிடவில்லை. நான் கோபத்தில் ஆயிரம் பேச வைத்திருந்தேன்; தொட்டில் பக்கத்தில் குந்திக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் போர்வையை எடுத்து அவர் தோளில் போட்டேன். "தந்த சாமிகிட்டப் போயி மொகத்தக் காட்ட முடியலையே..." என்றார்.

மறுநாள் பின்னேரம், மாரியம்மன் கோயில் முன்னால் கமிட்டி கூடியது. எல்லாரும் ஆண்கள். கோடித் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒரு ஓரமாக நின்றார். குளித்து முழுகி, நெற்றியில் திருநீற்றோடு சுரேஷ் இன்னொரு ஓரமாக நின்றான். முத்துசாமி அண்ணன் துணியை விலக்கினார்.

தப்பு மேளம் அடிக்க நின்றவர்கள்கூட எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள்.

"என்னாடா இது?" என்றார் அண்ணன். தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "செல்வராசு, இது ரதியா? கெழங்கு சுட்ட மாதிரி இருக்கே! பக்கத்துத் தோட்டத்துக்காரன் பாத்தா சிரிப்பான்டா. ஒன்னும் நெனச்சுக்காத. இந்த வருசம் சுரேசு கட்டட்டும். அழகான ரதிதான் நமக்கு மதிப்பு."

கூட்டம் 'ஆமாம்' என்றது. ஆண்களின் கூட்டம் அல்லவா... பெண்ணின் அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை.

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். அந்த நேரத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, வெறும் கூடையோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா. அக்காவின் வாய்க்கு, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவே பயப்படுவார்.

"என்னா தலைவரே, தாடையப் புடிச்சுத் திருப்புறீங்க? மீனு வாங்குறீங்களா?"

"நீ போக்கா. இது கமிட்டி விசயம். ரதி மூஞ்சி சரியில்ல."

அக்கா கூடையை இறக்கினார். வந்து இவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் தலையில் கிடந்த துண்டை எடுத்தார்.

"சரி, இப்ப இதப் பாருங்க" என்று தன் கன்னத்தைக் காட்டினார். வெடித்து, கறுத்து, காய்ந்து போன கன்னம். பக்கத்தில் நின்றவளின் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "இதையும் பாருங்க. கார்த்திகையில இருந்து பனியில நிக்கிறோம். மேல வெயிலு, கீழ பனி. எங்க மூஞ்சி இப்புடி வெடிச்சுக் கெடக்கே, ஒரு நாளாச்சும் கமிட்டி கூட்டிப் பேசியிருக்கீங்களா? ரதிக்கு மட்டும் கூட்டமா?"

"அது சாமி வேசங்க்கா..." என்று இழுத்தார் தலைவர்.

"இருக்கட்டுமே. எந்தத் தோட்டத்து ரதி? நம்ம தோட்டத்து ரதிதானே? நம்ம தோட்டத்துப் பொம்பள மூஞ்சி இப்புடித்தான் இருக்கும். புடிக்கலன்னா கொழும்புல போயி காமன் ஊனுங்க!"

பெண்கள் சிரித்தார்கள். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வட்டமாக நின்றுகொண்டார்கள். முத்துசாமி அண்ணன் தலையைச் சொறிந்தார். அப்போதும் அவர் அசைந்திருக்க மாட்டார். அவருக்கு மதிப்புப் பெரிசு. அக்கா என் இடுப்பில் இருந்த மகளை வாங்கிக்கொண்டு போய் அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"நேத்தி மூணு வருசம். ரெண்டு முடிஞ்சிருச்சு. மூணாவத நீங்க நிப்பாட்டுறீங்க. சரி. நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதிலு சொல்லுவா? நீங்களா? சுரேசா? அத இப்பவே சாமி முன்னால சொல்லிட்டுக் காப்பக் கட்டுங்க."

தோட்டத்துத் துரையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்கிற ஆட்கள்தான், ஆனால் ஒரு பிள்ளையின் நேர்த்தியில் கைவைக்கிற துணிச்சல் யாருக்கு வரும்? முதலில் பின்வாங்கியவன் சுரேஷ். "எனக்கு வேணாங்கண்ணே" என்று கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான். அண்ணன் மஞ்சள் கயிற்றை எடுத்தார். முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே இவருடைய மணிக்கட்டில் கட்டினார்.

பாக்கியம் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்காவுக்கு அதெல்லாம் பிடிக்காது. "வுடு டீச்சர், சோறு ஆக்கணும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகென்ன? இந்தத் தடவை முத்துவெள்ளைக்கு அடியில் தேங்காயெண்ணெயைக் கனமாகப் பூசினோம், எரியவில்லை. அதைவிடக் கூத்து, அந்தச் செப்பு நிறத்தின் மேல் ரோஸ் பவுடர் ஏறியதும் கன்னம் உள்ளே விளக்கு வைத்த மாதிரி மினுங்கியது. மூன்றாம் நாளே பக்கத்துத் தோட்டத்து ரதி ஆள் அனுப்பி, "என்னா பவுடரு?" என்று கேட்டிருக்கிறார். இவர் சொல்லியும் கொடுத்துவிட்டார். அடுத்த பனிக்காலம் சுற்றுவட்டாரத்து டிஸ்பென்சரிகளில் விட்டமின் சி மாத்திரை கேட்டு வந்தவர்கள் எல்லாம் மீசை வைத்த ஆண்கள். டாக்டரையா என்னிடமே கேட்டார், "என்ன டீச்சர், இந்த வருசம் ஆம்பளைகளுக்கு மட்டும் தடிமன் புடிக்குது?" என்று.

அழகுப் பித்து பெண்களுக்குத்தான் என்று யார் சொன்னது? ஒரு சாக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். சாமி பெயரில் என்றால் ஆண்பிள்ளை கண்ணுக்கு மையும் போடுவான், கன்னத்துக்கு விட்டமினும் கரைப்பான், கண்ணாடியை விட்டு நகரவும் மாட்டான். நமக்குத்தான் எந்தச் சாமியும் சாக்குக் கொடுப்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரதி எங்கள் காம்பராவுக்கு ஆடி வந்த அன்று, வீட்டுக்காரி என்ற முறையில் நான்தான் மஞ்சள் தண்ணீரால் கால் கழுவ வேண்டும். கல்யாணத்தில் புருஷன் காலில் விழமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். அன்றைக்கு விழுந்தேன். மகளைத் தூக்கி ரதியின் கையில் கொடுத்தேன். அவள் அந்தச் சிவப்புக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா" என்றாள். தெளிவாக. ரதி அழுதார். நானும் அழுதேன். அந்த வருஷம் கன்னத்தில் வாய்க்கால் விழுந்ததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

காமன் எரிந்து முடிந்த மறுநாள் காலை. பீலியடியில் உட்கார்ந்து இவர் அரிதாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அடியில் பழைய கன்னம், நன்றாகவே வெளுத்து வந்திருந்தது. நான் துவாயை நீட்டினேன். மனசு லேசாக இருந்தது. "நேத்தி முடிஞ்சிருச்சு. இனி நிம்மதி" என்றேன்.

முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னாங்க?"

"இல்ல டீச்சர்... நேத்து சாமிகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன்."

"என்னா சொன்னீங்க?"

"இன்னொரு புள்ள குடுத்தா, இன்னும் மூணு வருசம் ரதி கட்டுறேன்னு..."

எப்படி இருக்கிறது கதை? கேட்கிறவர் இவர். கொடுக்கிறவர் சாமி. நடுவில் பத்து மாதம் சுமக்கிறவளிடம் ஒரு வார்த்தை? இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து பேசி முடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிறந்த வருஷம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே காமனிடம் நேரில் போனேன் — "சாமி, இனி இவர் என்ன கேட்டாலும், ரதியிடம் இல்லை, ரதியின் பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டுக் கொடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.